இப்னு தூலூன் பள்ளியும் எங்கள் ஊர்த் தூண்களும்

கெய்ரோவுக்கு வந்த மூன்றாம் நாள் ஒரு டாக்ஸியில் ஏறி "ஜாமிஉ இப்னு தூலூன்", அதாவது இப்னு தூலூன் பள்ளிவாசல், என்றேன். டிரைவருக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னேன், அப்புறம் போனில் படத்தைக் காட்டினேன். "ஆ, காமிஅ!" என்று சிரித்தபடி வண்டியை எடுத்தார். எகிப்தியர் பேச்சில் ஜீம் என்ற எழுத்து 'கங்கை'யின் முதல் எழுத்துப் போல ஒலிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கீழக்கரையில் மதரஸாவில் ஓதி வளர்ந்தவள் நான், அரபு எழுத்து எனக்குத் தமிழ் எழுத்துக்கு முன்பே பழக்கம். ஆனால் ரொட்டி வாங்க, வாடகை பேச, மெட்ரோவில் வழி கேட்க அந்த அரபு எதற்கும் உதவவில்லை. முதல் இரண்டு மாதம் ஊமை மாதிரிதான் இருந்தேன். நான்காவது மாடியில் ஒரு அறை கிடைத்திருந்தது. கட்டடத்தின் பவ்வாப், அதாவது வாசல் காவலர், அவருடைய மனைவிதான் எனக்கு முதல் வாத்தியார். காய்கறிப் பையைத் தூக்கிக் காட்டி ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வார், நான் தப்பாகச் சொன்னால் விடமாட்டார், சரியாக வரும்வரை படிக்கட்டிலேயே நிற்கவைப்பார்.

நான் வந்தது ஆரம்பகால இஸ்லாமியக் கலையும் கட்டடக்கலையும் படிக்க, முதுகலைக்கு. ஏறத்தாழ முதல் முந்நூறு வருடம், அதாவது உமய்யா கலீஃபாக்கள் காலம், அடுத்து ஆண்ட அப்பாஸிய கலீஃபாக்களின் முற்காலம். வீட்டில் எல்லோருக்கும் அது என்ன படிப்பு என்பதே குழப்பம். ராத்தா, அதாவது அக்கா, "அதைப் படிச்சு என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டாள். உம்மா, "பிள்ளை மார்க்கப் படிப்புக்குப் போயிருக்கு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருந்தார். வாப்பா மட்டும், "பள்ளிவாசலெல்லாம் பாக்கப் போறே, அவ்வளவுதானே, நல்லாப் பாரு" என்றார்.

நல்லாப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது முதல் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. ஆசிரியர் எங்களை இப்னு தூலூன் பள்ளிக்குக் கூட்டிப்போய், போனை எல்லாம் பைக்குள் வைக்கச் சொல்லி, ஆளுக்கு ஒரு வளைவைக் காட்டி, "இதை வரையுங்கள்" என்று விட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு மணி நேரம். வாசலில் செருப்புக்கு மேல் துணி உறை கட்டிவிட்டிருந்தார்கள், அதோடு தரையில் உட்கார்ந்தேன். எதிரே கிட்டத்தட்ட 92 மீட்டர் சதுரமான முற்றம், வெயில், மேலே வட்டமிடுகிற பருந்துகள். இவ்வளவு பெரிய நகரத்தின் ஹாரன் சத்தம் அங்கே கேட்கவே இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, பள்ளியின் மூன்று பக்கமும் இன்னொரு சுற்று வெளி விட்டு மதில் எழுப்பியிருக்கிறார்கள். ஸியாதா என்று பெயர். சந்தை இரைச்சலுக்கும் தொழுகைக்கும் நடுவில் ஒரு இடைவெளி.

முதலில் நான் வரைந்தது தப்பு. பழக்கத்தில் வட்ட வளைவாக வரைந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் உச்சியில் லேசாகக் கூர். ஐரோப்பாவின் பெரிய தேவாலயங்களில் கூர்வளைவு வருவதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் முந்தியது இது, 876இல் தொடங்கி 879இல் முடித்த கட்டடம். தாங்குவதும் தூண் அல்ல, செங்கல்லால் கட்டிச் சுண்ணம் பூசிய கனத்த செவ்வகக் கால்கள். அவற்றின் நான்கு மூலையிலும் சின்னச் சின்னத் தூண் மாதிரி உருட்டி வைத்திருக்கிறார்கள், பார்ப்பதற்கு மட்டும்.

ஏன் தூண் இல்லை என்பதற்கு இங்கே ஒரு பழைய கதை சொல்கிறார்கள். இவ்வளவு பெரிய பள்ளிக்கு 300 தூண் வேண்டும், பழைய தேவாலயங்களிலிருந்து பிடுங்கினால்தான் கிடைக்கும் என்று பள்ளியைக் கட்டுவித்த அஹ்மத் இப்னு தூலூனிடம் சொன்னார்களாம். அவருக்கு அதில் மனம் இல்லை. சிறையில் இருந்த ஒரு கிறிஸ்தவக் கட்டடக்கலைஞர் இதைக் கேள்விப்பட்டு, கிப்லா பக்கம், அதாவது தொழும் திசையில், இரண்டு தூண் தவிர வேறு தூணே இல்லாமல் கட்டித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பி, தோலில் வரைந்து காட்டினாராம். நல்ல கதை. ஆனால் வகுப்பில் படித்த காரணம் எனக்கு இன்னும் பிடித்தது. இப்னு தூலூன் வளர்ந்தது இராக்கில், அப்பாஸியரின் தலைநகரான சாமர்ராவில். கல் அரிதான மண் அது, எல்லாம் செங்கல்லும் சுண்ணமும்தான். அவர் 868இல் எகிப்துக்கு ஆளுநராக வந்தபோது அந்த ஊரின் கட்டும் முறையும் கூடவே வந்துவிட்டது. கல் கொட்டிக் கிடக்கிற எகிப்தில், பழைய கட்டடங்களின் பளிங்குத் தூண்கள் கிடைக்கிற ஊரில், ஒரு மனுஷன் தான் வளர்ந்த ஊர் மாதிரியே செங்கல்லில் கட்டியிருக்கிறார். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் ஊர் ஏக்கத்தில் இருந்த நேரம் அது.

அந்த வளைவுகளின் அடிப்பக்கத்தில் இருக்கிற சுதை வேலையைக் கழுத்து வலிக்கப் பார்க்கவேண்டும். கொடி, இலை, வட்டம், ஒன்று போல இன்னொன்று இல்லை. சாமர்ராவில் இந்த வேலையை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள், மூன்றாவது வகையில் கோடுகளைச் சரிவாக வெட்டுவார்கள், பூவுக்கும் பின்னணிக்கும் நடுவே இடைவெளியே இருக்காது. அச்சில் அழுத்தி எடுக்க வசதியான முறை அது. கொழுக்கட்டை அச்சின் ஓரம் செங்குத்தாக இருந்தால் மாவு ஒட்டிக்கொள்ளும், சரிவாக இருந்தால் சுலபமாகக் கழன்று வரும், அதே கணக்கு. ஒரு பேரரசின் தலைநகரை வேகமாகக் கட்டவேண்டிய அவசரத்தில் ஒரு அழகு பிறந்திருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதுதான் என்னை நிலைநிறுத்தியது. நைல் ஆற்றுப் புல்த்தி மீன் தாராளமாகக் கிடைக்கிறது, ஆனால் ஆணம் (குழம்பு) காய்ச்சப் புளி எங்கே? ஒரு நாள் தெருவில் பெரிய பித்தளைக் குடத்தைச் சுமந்து பானம் விற்கிறவரிடம் வாங்கிக் குடித்தால் வாயில் புளி! 'தமர் ஹிந்தி' என்றார், இந்தியப் பேரீச்சை. அடுத்த நாளே அத்தார் கடைக்கு ஓடினேன் (இங்கே அத்தார் என்றால் மசாலாவும் நாட்டுமருந்துச் சரக்கும் விற்பவர்). கட்டிப் புளி அரைக் கிலோ. அன்று அறை முழுக்க வெந்தய வாசனை. காய்ந்த தேங்காயைத் துருவி, வெந்நீரில் ஊறவைத்துப் பால் எடுத்தேன். இந்தோனேசியத் தோழி இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க ஓர் அலுவலகத்தில் நான்கு முறை திருப்பி அனுப்பினார்கள், ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறைகிறது என்று. "புக்ரா", நாளைக்கு. அந்த வாரம் அழுதேன். குளிர்காலம் வேறு, வெயில் தேசம் என்று நம்பி ஒரு ஸ்வெட்டர்தான் கொண்டுவந்திருந்தேன்.

அந்த நாட்களில்தான் பாபுல் கல்க்கில் உள்ள இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்கு அடிக்கடி போக ஆரம்பித்தேன். 2014 ஜனவரியில் எதிரே நடந்த குண்டுவெடிப்பில் உடைந்துபோய், பழுதுபார்த்து 2017இல் திறந்த இடம். அங்கே ஒரு கப்றுக் கல், அதாவது கல்லறைக் கல், இருக்கிறது. அப்துர் ரஹ்மான் இப்னு கைர் என்பவருடையது, ஹிஜ்ரி 31, அதாவது 652. நபிகள் காலமாகி இருபது வருடம்தான் ஆகியிருந்தது. முதல் வரி பிஸ்மி, இறைவன் பெயரால் என்று தொடங்கும் வாசகம். ஆயுள் முழுக்கச் சொன்ன வரி, ஆனால் கண்ணால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியவில்லை. புள்ளிகள் இல்லை. பாவும் தாவும் நூனும் ஒரே பல் மாதிரி நிற்கின்றன. எனக்கு உடனே ஞாபகம் வந்தது நம் பழைய கல்வெட்டும் ஓலையும்தான், அங்கேயும் மெய்க்குப் புள்ளி வைக்காமலே எழுதியிருப்பார்கள், மொழி தெரிந்தவர் படித்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. அந்தக் கல்லைப் படிக்க எனக்கு மூன்று வருகை ஆயிற்று. அவருக்கு மன்னிப்புக் கேட்கிற துஆ அது, படிப்பவர் ஆமீன் சொல்லவேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. படித்து முடித்ததும் சொன்னேன்.

ரோதா தீவின் தென் முனையில் உள்ள நைல் அளவைக் கிணறும் என் பாடத்தில் உண்டு, 861இல் கட்டியது. படிக்கட்டில் கீழே இறங்கினால் நடுவில் எண்கோணப் பளிங்குத் தூண், முழம் முழமாகக் கோடு போட்டது. ஆற்று நீர் சுரங்கவழியாக உள்ளே வந்து ஏறும், 16 முழம் தொட்டால் நல்ல விளைச்சல், அதை வைத்து வரி. கண்மாயில் தண்ணீர் ஏறுமா என்று வானத்தைப் பார்க்கிற ராமநாதபுரச் சீமைக்காரிக்கு அந்தத் தூணை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை. அஸ்வான் அணை வந்தபின் நைலில் வெள்ளமும் இல்லை, சுரங்கவழியும் அடைபட்டுக் கிடக்கிறது. சுவரைச் சுற்றி மழையும் விளைச்சலும் பற்றிய குர்ஆன் ஆயத்துகள் மட்டும் கூஃபி என்ற பழைய அரபு எழுத்தில் அப்படியே இருக்கின்றன.

இரண்டாம் பருவத்தில் டமஸ்கஸ் பெரிய பள்ளியின் பைஸாந்தியப் பாணி மொசைக் மரங்களும், ஜெருசலம் குப்பத்துஸ் ஸக்ராவின் (பாறைக் குவிமாடம்) உள்ளே மொசைக்கில் கோத்து வைத்த ரோம, பாரசீகக் கிரீட நகைகளும் வந்தபோதுதான் எனக்கு அது முழுசாக உறைத்தது. புது மார்க்கம் போன இடத்தில் எல்லாம், அந்த ஊர்க் கைகளே கட்டியிருக்கின்றன. அப்படியானால் எங்கள் ஊர்ப் பழைய ஜும்ஆப் பள்ளி? கருங்கல் தூண், மேலே போதிகை (தூணின் தலைப்பகுதி), பூவேலை, உருவம் மட்டும் கிடையாது. சின்ன வயதில் வெளியூர்க்காரர்கள் "கோயில் மாதிரி இருக்கே" என்று சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும், பதில் தெரியாது. எங்கள் வீட்டுப் பெண்கள் தைக்காவில், பெண்களுக்கான தனித் தொழுமிடத்தில், தொழுவோம், அதனால் அந்தத் தூண்களை வாசலில் நின்று பார்த்ததோடு சரி. இப்னு தூலூனின் செங்கல் கால்களுக்கும் அந்தத் தூண்களுக்கும் காலத்தில் பல நூற்றாண்டு தூரம், ஆனால் அவற்றைக் கட்டிய கை ஒரே மாதிரி யோசித்திருக்கிறது, தெரிந்ததை வைத்துக் கட்டு என்று.

வாப்பாவுக்குப் போன் செய்து, தூண்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மாலையில் அஸர் தொழுகைக்கும் மஃரிபு தொழுகைக்கும் நடுவில் போய் எடுத்தாராம். எல்லாம் தலை வெட்டுப்பட்ட படங்கள். "போதிகைதான் வேணும் வாப்பா, மேலே, மேலே" என்றேன். மறுநாள் சரியாக எடுத்தார். அதற்கடுத்த நாள் நான் கேட்காமலே ஒரு குரல் பதிவு வந்தது: "அளவு வேணும்னு சொல்லுவேன்னு நெனச்சேன். டேப்பு இல்லம்மா, முழம் போட்டுப் பாத்தேன். ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில எவ்வளவுன்னு எழுதி வச்சிருக்கேன். என் முழம் எத்தனை இஞ்சுன்னு உம்மாவை வச்சு அளந்து சொல்றேன், நீ அங்கே கணக்குப் போட்டுக்க."