அம்பை நெல்லும் 8 ஜிபி லேப்டாப்பும்

பாளையங்கோட்டை, அபிஷேகப்பட்டி பக்கம் பயோடெக் படிக்கிற பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் என்றதும் நெல் நினைவுக்கு வருவது இயல்பு. அம்பை ஆராய்ச்சி நிலையத்து ஏ.எஸ்.டி. 16 நம்மூர் ரகமாச்சே. ஜியோ (GEO) என்ற பொதுத் தரவுத் தளத்தில் நெல்லின் ஆர்.என்.ஏ.-சீக் தரவு, அதாவது எந்த ஜீன் எவ்வளவு இயங்குகிறது என்ற கணக்கு, இலவசமாகவே கிடைக்கிறது. இறக்கிய கையோடு சைட்டோஸ்கேப் என்ற வரைபட மென்பொருளைத் திறந்து ஜீன்களின் வலைப்பின்னல் வரைய உட்காருவதுதான் கோளாறு. படம் கடைசி வேலை.

முதலில், ரீடுகளை (ஆர்.என்.ஏ.வைப் படித்துக் கிடைத்த சிறு துண்டுகளை) எந்த ஜீனோமோடு பொருத்தி எண்ணினார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் நிப்பான்பாரே என்ற ஜப்பானிய ரகமாக இருக்கும். அது ஜப்போனிக்கா என்ற நெல்வகை, நம் ஏ.எஸ்.டி. 16 இண்டிகா வகை. வெள்ளத்தில் மூழ்கினாலும் பயிரைப் பிழைக்க வைக்கும் சப்1ஏ ஜீன் நிப்பான்பாரேயில் கிடையவே கிடையாது. அதனால் சப்1ஏ உள்ள ரகத்தின் தரவாக இருந்தாலும் பட்டியலில் அது வராது. அதன் ரீடுகளில் சில, உறவுக்கார ஜீனான சப்1சி கணக்கில் ஏறிவிடலாம். மூழ்கல் பற்றிய ப்ராஜெக்ட் இங்கேயே கவிழ்ந்துவிடும். நெல் ஜீன்களுக்கு எம்.எஸ்.யு., ராப் என இரண்டு எண்முறைகள் உண்டு. மாற்று அட்டவணை இல்லாமல் இரண்டு கோப்புகளை இணைத்தால் ஒரு வரிகூடப் பொருந்தாது.

எந்த ஜீனின் அளவு மாறியது என்று கணக்கிடும் டெசெக்2 நிரலுக்கு முழு எண்ணாக உள்ள மூல எண்ணிக்கைதான் வேண்டும். ஜீனின் நீளத்துக்கும் மொத்த ரீடுகளுக்கும் ஏற்பச் சரிசெய்த டி.பி.எம். மதிப்பைக் கொடுத்தால் முழு எண் இல்லை என்று பிழை காட்டும். உடனே ரவுண்ட் செய்து அதன் வாயை அடைப்பவர்கள் உண்டு. பிழைச்செய்தி போய்விடும், பிழை போகாது.

அடுத்தது டபிள்யூ.ஜி.சி.என்.ஏ.; சேர்ந்து ஏறி இறங்கும் ஜீன்களை மாட்யூல் என்ற குழுக்களாகப் பிரிக்கும் முறை. இதற்கு வி.எஸ்.டி. செய்த (ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்த) மதிப்பைக் கொடுங்கள். 15 சாம்பிளுக்குக் குறைவென்றால் தொடவே வேண்டாம்; 20-க்கு மேல் இருந்தால் நிம்மதி. இலையையும் வேரையும் ஒன்றாகப் போட்டால் வருவதெல்லாம் இலை-வேர் வேறுபாடுதான், வறட்சியின் விளைவு அதற்குள் மறைந்துவிடும். 20,000 ஜீன்களுக்கு ஒரு கோரிலேஷன் மேட்ரிக்ஸ் (ஜோடி ஜோடியாகத் தொடர்பைக் காட்டும் அட்டவணை) மட்டும் 3.2 ஜிபி, இடையில் இரண்டு மூன்று நகல்கள் உருவாகும்போது 8 ஜிபி லேப்டாப் படுத்துவிடும். மாறுபாடு அதிகமுள்ள 5,000 ஜீன்களை எடுத்தால் அதே மேட்ரிக்ஸ் 200 எம்பிதான்.

இதில் கிடைக்கும் கோடு, இரண்டு ஜீன்கள் சேர்ந்து ஏறி இறங்குவதை மட்டும் சொல்கிறது. எது எதை இயக்குகிறது என்று கேட்க ஜீனி3 போன்ற கருவி வேண்டும். மற்ற ஜீன்களை இயக்கும் புரதங்களான டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்களின் பட்டியலை பிளான்ட்.டி.எஃப்.டி.பி. தளத்திலிருந்து எடுத்து ரெகுலேட்டராகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எல்லா ஜீனையும் ரெகுலேட்டராக எடுத்துக்கொள்ளும். ஒளிச்சேர்க்கை நொதியான ரூபிஸ்கோகூட மற்ற ஜீன்களை ஆள ஆரம்பித்துவிடும். அம்புக்குறி வந்தாலும் அது ஊகம்தான். புரதம் டி.என்.ஏ.வில் ஒட்டுவதைக் காட்டும் சிப்-சீக் அல்லது ஈஸ்ட் ஒன்-ஹைப்ரிட் சோதனை ஆதாரம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இனி சைட்டோஸ்கேப். 5,000 ஜீன்கள் என்றால் ஏறக்குறைய 1.25 கோடி ஜோடிகள். அப்படியே ஏற்றினால் சிக்கெடுக்காத நூல்கண்டுதான் கிடைக்கும். ஒரே ஒரு மாட்யூல், அதில் வலுவான தொடர்புள்ள 150 ஜீன்கள் போதும். ஜீன் விவர அட்டவணையை ஏற்றியும் நிறம் மாறவில்லையா? பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இடைவெளியைத் தேடுங்கள்.