ஹிஸ்டரி அழியலாம், பாஸ்வேர்டு அழியக்கூடாது

நேற்று சாயங்காலம் மேற்கு மாம்பலத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்று யாரோ பிரவுசரில் இருந்த எல்லாப் பெட்டியிலும் டிக் போட்டு அழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கரண்ட் பில், ரயில் டிக்கெட், மெட்ரோ வாட்டர் என்று வருஷக்கணக்கில் அவர் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டு ஒன்றுகூட இல்லை. காலண்டர் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்த இரண்டை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தார். மனசே கேட்கவில்லை.

தயவுசெய்து கவனியுங்கள். குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அழிக்கும் பெட்டி திறக்கும். பிரவுசிங் ஹிஸ்டரி, கேச் (பார்த்த தளங்களின் படங்களையும் கோப்புகளையும் பிரவுசர் எடுத்து வைக்கும் இடம்) இரண்டுக்கு மட்டும் டிக் போதும், இடத்தை அதிகம் அடைப்பது அந்தக் கேச்தான். குக்கீஸ் என்பவை நாம் லாகின் செய்திருப்பதைத் தளங்கள் நினைவில் வைக்க உதவும் சின்னக் கோப்புகள்; அவற்றை அழித்தால் சேமித்த பாஸ்வேர்டு போகாது, ஆனால் லாகின் செய்திருக்கும் தளங்களிலிருந்து வெளியே தள்ளிவிடும், மறுபடி ஓடிபி, மறுபடி கேப்சா, வயசானவர்களுக்கு அது பெரிய பாடு. பாஸ்வேர்டு என்று ஒரு பெட்டி இருந்தால் அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். அப்புறம், சிங்க் (ஒரே கணக்கில் இருக்கும் லேப்டாப், போன் எல்லாவற்றிலும் தகவலை ஒன்றுபோல வைக்கும் வசதி) ஆன் செய்திருந்தால் இங்கே அழித்த பாஸ்வேர்டு போனிலும் சேர்ந்து அழியும். பெரியம்மாவுக்கு நடந்தது அதுதான்.