கேமரா திரும்பினால் கோடு என்னாகும்?

அமெரிக்க நெடுஞ்சாலைக் கேமராக்களோடுதான் எனக்கு வேலை. பல கேமராக்கள் திரும்பக்கூடியவை. எங்கேயாவது விபத்து என்றால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் கேமராவை அந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பார். பிறகு அது பழைய கோணத்துக்கு அப்படியே வராது. வண்டிகளை எண்ண நாங்கள் திரையில் வரைந்து வைத்த கோடு தடுப்புச்சுவர் மேல் போய் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் கையால் வரைவது நடக்கிற காரியமா?

அதனால் சாலையையே அளவுகோலாக்கினோம். அங்கே தடம் பிரிக்கும் வெள்ளைக் கோடு வழக்கமாக 10 அடி, இடைவெளி 30 அடி. முதலில் யோலோ என்ற மாடல் (படத்தில் உள்ள பொருள்களை அடையாளம் காணும் ஏஐ) வண்டிகளைக் கண்டுபிடிக்கும். அவை போன பாதைகளைச் சேர்த்தால் தடம் எங்கே, எந்தத் திசை என்பது தெரிந்துவிடும்; எண்ணும் கோட்டை அதற்கேற்பப் போடலாம். நேரான சாலையில் அந்தப் பாதைகளைப் படத்தில் நீட்டினால் தூரத்தில் ஒரு புள்ளியில் சந்திக்கும் (வளைவில் இது சரிவராது). அந்தப் புள்ளியும் கோட்டு அளவும் இருந்தால் பிக்சலை அடியாக மாற்றலாம், வேகமும் கிடைக்கும்.

இரவு மழைதான் பெரிய தொல்லை. ஈரத் தாரில் ஹெட்லைட் வெளிச்சம் நீளமாக வழியும். அதையும் மாடல் வண்டி என்று எடுத்துக்கொள்ளும். கோடுகளோ கண்ணுக்கே தெரியாது. தப்பான வேகத்தைக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த நேரத்தில் வேகத்தை வெளியிடாமல் நிறுத்திவிடுகிறோம். விடிந்து கோடு தெரிந்ததும் அமைப்பு தானாகவே மறுபடி அளந்துகொள்ளும்.