லிப்ஸ்டிக் பாம் கன்றைப் பிரிக்கும் முன்

லிப்ஸ்டிக் பாம் என்பது சிவப்புத் தண்டுள்ள பனை வகை. அதில் சொந்த வேர் இல்லாத பக்கக்கன்று பெரும்பாலும் பிழைக்காது. முதலில் மண்ணை விலக்கி, மூன்று நான்கு நல்ல வேராவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மட்டும், சுத்தமான கத்தியால் தாய்த்தண்டை ஒட்டி வெட்டுங்கள். இலைகளில் பாதியைக் கத்தரித்து நிழலில் வையுங்கள். புதுக் குருத்து விரிய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை உரம் வேண்டாம். வேர் பிடித்ததா என்று தோண்டியும் பார்க்காதீர்கள், தயவுசெய்து!

நம் பூமலையின் (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின்) சின்னமான இந்தப் பனை, சதுப்புக்காட்டில் வளர்வது. வேர் காய்ந்தால் இலைநுனி கருகும். அதற்காகத் தட்டில் தண்ணீர் தேக்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். தட்டு நிறைய மணல் போட்டு, மேலே நீர் நிற்காத அளவுக்கு ஈரமாக வைத்தால் போதும். கலவைக்கு இரண்டு பங்கு தேங்காய் நார்த்தூள், ஒரு பங்கு தோட்டமண், ஒரு பங்கு மக்கிய உரம். சுண்ணாம்பு சேர்க்கவே கூடாது, இதற்கு அமில மண்தான் பிடிக்கும்.

அடியிலைகளின் ஓரம் மட்டும் மஞ்சளானால் மக்னீசியம் குறைவு, எப்சம் உப்பு கொடுங்கள். நுனிக் குருத்தை வெட்டினால் அந்தத் தண்டு செத்துவிடும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் வைப்பவர்கள் 1.2 மீட்டர் வழி விடுங்கள்.