டிகாஸ் ஆணைக்கு மறுபேச்சு இல்லை

நடுவானில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடந்து செல்லும் இரு பயணிகள் விமானங்களுக்கு இடையே உயரத்தில் 1,000 அடி, அதாவது ஏறத்தாழ 300 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். 29,000 அடிக்கு மேலே முன்பு 2,000 அடியாக இருந்த இந்த அளவு, உயரமானிகளின் துல்லியம் கூடிய பிறகு பாதியாகக் குறைக்கப்பட்டது. இந்திய வான்வெளியில் 2003 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஒரே உயரத்தில் பறப்பவை என்றால், ரேடார் கண்காணிப்புள்ள வழித்தடங்களில் பொதுவாக 5 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். எதிரெதிரே வரும் ஜெட் விமானங்கள் நொடிக்கு அரை கிலோமீட்டர் வீதம் நெருங்குகின்றன என்பதால், அந்த 5 கடல் மைலும் இருபது நொடிக்குள் கரைந்துவிடும். அப்படி நெருங்கும்போது விமானியை எச்சரித்து, விலகும் வழியையும் சொல்லும் விமானக் கருவிதான் டிகாஸ் (TCAS).

இடைவெளியைக் கணக்கிட்டு ஒதுக்குபவர் தரையிலுள்ள கட்டுப்பாட்டாளர். ஆனால் அதைக் காப்பதில் விமானிகளின் பங்கு சிறிதன்று. தமக்குத் தரப்பட்ட உயரத்தைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்கிறார்கள். அதே அலைவரிசையில் மற்ற விமானங்களுக்குச் சொல்லப்படுவதையும் காதில் வாங்கிக்கொண்டே பறக்கிறார்கள். குறித்த உயரத்தை எட்டுவதற்கு முந்தைய கடைசி 1,000 அடியில், ஏறும் வேகத்தை நிமிடத்துக்கு 1,500 அடிக்கும் கீழாகக் குறைக்கும் நல்ல வழக்கமும் உண்டு. அப்படிக் குறைக்காவிட்டால், மேலே சரியான உயரத்தில் செல்லும் விமானத்தின் டிகாஸ், கீழிருந்து பாய்ந்து வருவது நிற்காது என்று கணித்து எச்சரிக்கை எழுப்பக்கூடும்.

 இந்தியாவில் டிகாஸைக் கட்டாயமாக்கியது 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே நடந்த மோதல். டெல்லியிலிருந்து ஏறிக்கொண்டிருந்த சவூதியா நிறுவனத்தின் போயிங் 747 விமானத்துக்கு 14,000 அடி தரப்பட்டிருந்தது; எதிரே இறங்கிவந்த கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நின்றிருக்க வேண்டும். அது நிற்காமல் கீழே இறங்கியது. இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டார்கள். அன்றைய டெல்லி ரேடார் விமானங்களின் உயரத்தைக் காட்டாது என்பதால், கட்டுப்பாட்டாளர் விமானிகளின் வாய்ச்சொல்லையே நம்ப வேண்டியிருந்தது.

டிகாஸ் தரையின் உதவியை நாடுவதில்லை. சுற்றியுள்ள விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்களை, அதாவது வினவினால் தானாகப் பதில் அனுப்பும் வானொலிக் கருவிகளை, தானே வினவி, வரும் பதில்களிலிருந்து தொலைவையும் உயரத்தையும் அறிந்துகொள்கிறது. முதலில் 'டிராஃபிக், டிராஃபிக்' என்று எச்சரிக்கும். ஆபத்து முற்றினால், மோதலுக்கு ஏறத்தாழ அரை நிமிடம் இருக்கையில், ஒரு விமானத்தை ஏறவும் மற்றதை இறங்கவும் பணிக்கும். குறுகிய சந்தில் எதிரெதிரே வருபவர்கள் இருவரும் ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வதைப் போன்ற நிலை நேராதபடி, இரு கருவிகளும் தமக்குள் பேசி வைத்துக்கொண்டுதான் இந்த ஆணைகளைத் தருகின்றன. ஆகவே, ஒரு விமானி பணிந்து மற்றவர் பணியாமல் போனால், கருவியே இல்லாத நிலையைவிட அது மோசமாக முடியக்கூடும்.

2001 ஜனவரி 31 அன்று ஜப்பானில் அதுதான் நேரவிருந்தது. பயிற்சியிலிருந்த கட்டுப்பாட்டாளர் ஒருவர், வேறொரு விமானத்தை இறக்க நினைத்து, ஜப்பான் ஏர்லைன்ஸ் 907 விமானத்தின் எண்ணைச் சொல்லிவிட்டார். 907இன் டிகாஸ் 'ஏறு' என்றது. அதன் தலைமை விமானி கட்டுப்பாட்டாளர் சொல்லுக்கேற்ப இறங்கிக்கொண்டே இருந்தார். எதிரே வந்த டிசி-10 தன் கருவியின் சொற்படி இறங்கியது. இரண்டிலும் சேர்த்து 677 பேர். 907இன் விமானி எதிர்விமானத்தைக் கண்ணால் கண்டு கடைசி நொடியில் விலக்கியதால் அவர்கள் பிழைத்தார்கள்; அந்தக் குலுக்கலில் ஏறத்தாழ 100 பேர் காயமடைந்தார்கள்.

பதினேழு மாதங்கள் கழித்து, 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே அதே முரண்பாடு மீண்டும் எழுந்தது. ஒன்று டிஎச்எல் நிறுவனத்தின் போயிங் 757 சரக்கு விமானம். மற்றது பாஷ்கிரியன் ஏர்லைன்ஸின் டுபோலெவ் 154. அதன் பயணிகளில் பெரும்பாலோர் உஃபா நகரத்திலிருந்து ஸ்பெயினுக்குச் சுற்றுலா கிளம்பிய பள்ளிப் பிள்ளைகள். இரண்டும் 36,000 அடியில். அந்த வான்பகுதிக்குப் பொறுப்பான, சுவிட்சர்லாந்தின் சூரிச் மையத்தில் கட்டுப்பாட்டாளர் ஒருவரே இரண்டு திரைகளைத் தனியாகக் கவனித்துக்கொண்டிருந்தார். பராமரிப்புக்காக முதன்மைத் தொலைபேசி இணைப்பும் நிறுத்தப்பட்டிருந்ததால், ஆபத்தை முன்பே கண்டுகொண்ட, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ கட்டுப்பாட்டு மையத்தினர் பலமுறை அழைத்தும் அவரை எட்ட முடியவில்லை.

மோதலுக்கு 43 நொடிகளே இருந்தபோது அவர் டுபோலெவை இறங்கச் சொன்னார். ஏழு நொடி கழித்து அதன் டிகாஸ் ஏறச் சொன்னது. ஏறச் சொல்கிறதே என்று துணை விமானி எடுத்துச் சொன்னதும் குரல்பதிவில் இருக்கிறது. கட்டுப்பாட்டாளர் மறுபடியும் விரைந்து இறங்கப் பணித்தார்; டுபோலெவ் இறங்கியது. 757 தன் கருவிக்குப் பணிந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 34,900 அடியில் இரண்டும் மோதி 71 பேரும் இறந்தார்கள்.

டுபோலெவ் விமானிகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற என் மனம் ஒப்பவில்லை. அவர்களுடைய கையேடு கட்டுப்பாட்டாளரின் சொல்லையே முதன்மையாக வைத்திருந்தது. பன்னாட்டு விதிகளும் இதில் தெளிவற்றே இருந்தன. ஜப்பான் சம்பவம் குறித்த விசாரணை அறிக்கை வெளிவந்ததே யூபர்லிங்கனுக்குப் பிறகுதான். அந்தப் பாடம் உலகின் எல்லா விமானி அறைகளையும் உடனே எட்டியிருந்தால் அந்தப் பிள்ளைகள் பார்சிலோனா போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்ற எண்ணம் என்னை இன்றும் வருத்துகிறது.

இப்போது விதி ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறது. டிகாஸ் ஆணையிட்டால் விமானி ஐந்து நொடிக்குள் செயல்படத் தொடங்க வேண்டும். கட்டுப்பாட்டாளர் எதிர்மாறாகச் சொன்னாலும் கருவிக்கே பணிய வேண்டும். 'டிகாஸ் ஆர்ஏ', அதாவது கருவி ஆணையிட்டுவிட்டது என்று வானொலியில் விமானி அறிவித்துவிட்டால், ஆபத்து நீங்கியதென்ற தகவல் வரும்வரை கட்டுப்பாட்டாளர் அந்த விமானத்தின் பாதையை மாற்றும் எந்த ஆணையும் தரக்கூடாது.

ஆனால் பதில் தராத விமானத்தை டிகாஸால் காண முடியாது. 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலில், 37,000 அடியில் எதிரெதிரே வந்த கோல் நிறுவனத்தின் போயிங் 737 விமானமும் எம்ப்ரேயர் லெகசி சிறு ஜெட்டும் மோதி 737இல் இருந்த 154 பேரும் இறந்தார்கள். லெகசியின் டிரான்ஸ்பாண்டர் பதில் அனுப்பாமல் நின்றுபோயிருந்ததால் இரு கருவிகளுமே வாய் திறக்கவில்லை. டிகாஸ் இயங்கவில்லை என்பதை லெகசியின் திரை எழுத்தில் மட்டுமே காட்டியது; விமானிகள் அதைக் கவனிக்கவில்லை. இத்தகைய செயலிழப்பை விமானிக்கு ஒலி எழுப்பியும் உணர்த்த வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2007இல் பரிந்துரைத்தது. மோதல் நெருங்கும்போது உரக்கக் கத்துகிற ஒரு கருவி, தான் செயலிழக்கும்போதும் அதே குரலில் கத்த வேண்டும் என்பதே என் கருத்தும்.