பாமினியில் கிடந்த டேட்டாபேஸை யுனிகோடுக்கு மாற்றிய கதை

திருகோணமலையில் ஒரு கடனுதவிச் சங்கத்தின் டேட்டாபேஸைப் பார்ப்பது என் வேலை. பழைய அக்சஸ் கோப்பை மைஎஸ்க்யூஎல் 8.0 என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். டேபிள், யூசர் அனுமதி, இரவு பக்அப் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. உயிரை எடுத்தது அங்கத்தவர் பெயர்கள்தான். பெயர், விலாசம் எல்லாம் பாமினி, அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைக் காட்டும் பழைய ஃபொன்ட். அவற்றை, தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு உள்ள யுனிகோடுக்கு மாற்றவேண்டும்.

பழைய மென்பொருளைச் செய்து கொடுத்தவரிடம் கேட்டால், "அது ஃபொன்ட் மட்டும்தானே தம்பி, மாத்தி விட்டாச் சரி" என்றார். சரியில்லை. திரையில் 'தமிழ்' என்று தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஃபொன்ட்டை எடுத்தால் மிஞ்சுவது அதுதான்.

முதல் அடி, கமாவால் நிரல்களைப் (கொலம்) பிரிக்கும் சீஎஸ்வி கோப்பில் விழுந்தது. பாமினியில் 'இ' என்பது கமா. இராசையா, இரத்தினம், இந்திராணி எல்லோரும் கமாவில்தான் தொடங்குகிறார்கள். மேற்கோள் குறி போடாமல் ஏற்றுமதி செய்து தந்திருந்ததால் அவர்களின் வரிகள் ஒரு நிரல் தள்ளிப்போய், கடன் நிலுவை இருக்கவேண்டிய இடத்தில் தொலைபேசி எண் உட்கார்ந்திருந்தது. இராசையா கோடிக்கணக்கில் கடன்காரர்! 'ஷ' என்பது பின்சாய்கோடு. கோப்பை உள்ளே ஏற்றும் லோட் டேட்டா கட்டளை அதை எஸ்கேப் குறியாக, அதாவது அடுத்த எழுத்தைப் பற்றிய சைகையாக எடுத்து விழுங்கிவிடும், ஷர்மிளா 'ர்மிளா' ஆகிவிடுவார். டேப்பைப் பிரிப்பானாக வைத்து, எஸ்கேப்டு பை என்பதை வெறுமையாக விடுங்கள், இரண்டும் தீரும்.

திரும்ப ஏற்றுமதி செய்ய மூலக்கோப்பு வேண்டும். அது கிண்ணியாக் கிளையில் இருக்கிறது என்றார்கள். வெயிலில் பாலம் தாண்டிப் போனேன். இலிகிதர் அக்கா பென் ட்ரைவை ஆயத்தமாக வைத்திருந்தார். திருகோணமலை உவர்மலைக்குத் திரும்பி வந்து திறந்தால் உள்ளே ஷார்ட்கட் மட்டும். போனில் கேட்டால், "நான் கொப்பி பண்ணித்தானே தந்தனான்" என்று அவருக்குக் கோபம். கோப்பின் அளவை வாங்கும் இடத்திலேயே பார்த்துவிடுங்கள். ஓரிரு கிலோபைட்தான் இருந்தால் அது டேட்டாபேஸ் இல்லை.

மாற்றும் புரோகிராமில் கவனிக்கவேண்டியது எழுத்து வரிசை. பாமினியில் கொம்பும் ஐகாரக் குறியும் எழுத்துக்கு முன்னால் வரும், யுனிகோடில் பின்னால். அதனால் கொ, கோ போன்றவற்றை முதலில் மாற்றிவிட்டுத்தான் தனி எழுத்துகளுக்கு வரவேண்டும். இதை இணையத்தில் கிடைக்கும் மாற்றிகள் ஒழுங்காகச் செய்கின்றன. ஆனால் முழுக் கோப்பையும் ஒரேயடியாகக் கொடுத்தால் தொலைந்தீர்கள். பழைய அடையாள அட்டை எண் ஒன்பது இலக்கமும் வீ அல்லது எக்ஸும். பாமினியில் பெரிய வீ 'ஏ', பெரிய எக்ஸ் 'ஓ'. சங்கத்தின் மூத்த அங்கத்தவர்களின் எண்கள் 'ஏ'யிலோ 'ஓ'விலோ முடியும். புதிய 12 இலக்க எண்களில் எழுத்தே கிடையாது, அவற்றை மட்டும் எடுத்துச் சோதித்தால் இது அகப்படாது. நிரல் நிரலாக மாற்றுங்கள். விலாசத்தில் ஆங்கிலம் கலந்த வரிகளைத் தனியே பிரித்துக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் இனித்தான். பாமினியில் சிறிய ஜி 'ப', பெரிய ஜி 'பு'. அக்சஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று. ஆகவே பவனேஸ்வரியும் புவனேஸ்வரியும் அதற்கு ஒரே ஆள். ஒரே பெயர் இரண்டு தரம் வரக்கூடாது என்று பழைய மென்பொருளில் கட்டுப்பாடு வேறு. அலுவலகத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? இரண்டாவது ஆளின் பெயருக்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி வைத்தார்கள், மூன்றாவது ஆளுக்கு இரண்டு. அந்தப் புள்ளிகளைக் கழற்றி, பெயரை விட்டுவிட்டு அடையாள அட்டை எண்ணை வைத்து இரட்டைப் பதிவுகளைத் தேடியபோதுதான் கணக்கு நேரானது.

அலுவலகத்தில் தட்டச்சு பற்றிப் பயந்தார்கள். இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகை அமைப்பு இருக்கிறது. விரல் பழக்கம் மாறாது, உள்ளே போவது யுனிகோட். அக்கா தட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்.

பழைய பாமினி நிரலை அழித்துவிடச் சொல்லித் தலைவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், இடம் பிடிக்கிறதாம். கணக்காய்வு முடியும்வரை தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.