பதினோராவது இடத்து இலக்கம்

தண்டையார்பேட்டையில் குடியிருந்துகொண்டு பல ஆண்டுகளாக மென்பொருள் சோதனைப் பணி செய்துவரும் நான், தரக் கட்டுப்பாட்டுத் திட்டம் என்பது நிரல் எழுதி முடிந்த பிறகு தயாரிக்கும் ஆவணம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டின் வாயிலுக்கு நாங்கள் செய்துகொடுத்த மென்பொருள் அந்த எண்ணத்தை மாற்றியது.

உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் வாயில் எழுத்தர் பதிவு செய்ய வேண்டும். ஐஎஸ்ஓ 6346 தரநிலைப்படி அதில் நான்கு எழுத்துகள், ஆறு இலக்கங்கள், கடைசியாகப் பதினோராவது இடத்தில், எண்ணைத் தப்பாகப் பதிந்தால் காட்டிக்கொடுப்பதற்கான ஒரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கும். எழுத்துகளுக்கு உரிய மதிப்புகளையும் இலக்கங்களையும் 1, 2, 4, 8 என்று இரட்டித்துச் செல்லும் எண்களால் வரிசையாகப் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதியே அந்த இலக்கம்; மீதி 10 வந்தால் 0 என்று குறிப்பார்கள். இந்தக் கடைசி விதி எங்கள் நிரலில் விட்டுப்போயிருந்தது. நான் சோதனைக்கு எடுத்த இருபது எண்களில் ஒன்றிலும் மீதி 10 வராததால் எல்லாம் தேறிவிட்டன. பயன்பாட்டுக்கு வந்த மூன்றாம் நாள் இரவு, சரியான எண்ணுடைய பெட்டி ஒன்றை மென்பொருள் ஏற்க மறுத்ததால், எண்ணூர் விரைவுச் சாலை வரை டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. என் கவனக்குறைவுக்காக அந்த ஓட்டுநர்கள் விடிய விடியக் காத்துக்கிடந்தது இன்றும் எனக்கு வருத்தம்.

‘எண் சரிபார்க்கப்பட வேண்டும்’ என்று திட்டத்தில் ஒரே வரி எழுதிவிட்டு நகர்ந்ததுதான் காரணம். எதை ஏற்க வேண்டும், எதை மறுக்க வேண்டும், மீதி 10 வந்தால் விடை என்ன என்பதை அங்கேயே எழுதியிருந்தால், நிரல் எழுதியவரே முதல் நாளில் கண்டுகொண்டிருப்பார்.

இப்போது தேவைகளை எழுதும் வாரத்திலேயே சோதனைத் தரவையும் எழுதத் தொடங்குகிறேன். அதற்கு முன் ஓர் இரவுப் பணி முழுவதும் வாயில் அறையில் உட்கார்ந்து பார்க்கிறேன். உப்புக்காற்றில் துருவேறிய பெட்டிக் கதவில் பாதி உரிந்திருந்த 8ஐ, டார்ச் வெளிச்சத்தில் எழுத்தர் 3 என்று படித்ததை அப்படித்தான் கண்டேன். “தப்புன்னு மட்டும் சொல்லுது சார், எங்க தப்புன்னு சொல்ல மாட்டேங்குது” என்றார் அவர். சரிபார்ப்பு இலக்கத்தால் அதைச் சொல்லவும் இயலாது. ஆகவே, கதவைப் படம் எடுத்து இணைத்து, மேற்பார்வையாளர் ஒப்புதலுடன் பெட்டியை உள்ளே விடும் வழி ஒன்றைத் தேவையாகச் சேர்த்து, அதற்கும் சோதனைகள் எழுதினோம்.

எந்தப் பிழை இருந்தால் வெளியீட்டை நிறுத்துவது என்பதையும் வாடிக்கையாளரோடு முன்கூட்டியே பேசி எழுதி வைக்கிறேன். லாரியை வாயிலில் நிறுத்தும் பிழை ஒன்று மிஞ்சியிருந்தாலும் வெளியீடு கிடையாது. வாயிலில் தரும் சீட்டில் ஒரு வரி சற்று நகர்ந்து அச்சானால் பிறகு திருத்திக்கொள்ளலாம். பிழையைத் திருத்திய பின் பழைய சோதனைகள் அனைத்தையும் மறுபடி ஓட்டுவதற்கான நாட்களையும் கால அட்டவணையில் தனியாக ஒதுக்குகிறேன். நெருக்கடி வரும்போது எல்லோரும் முதலில் கைவைப்பது அந்த நாட்களில்தான். அங்கே நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்த வேலை மணலியில் ஓர் எடை மேடைக்கானது. கருவி கிலோவில் தரும் எடையைச் சீட்டு டன்னில் காட்ட வேண்டும் என்பதால், நிரலில் ஒரு வரியும் எழுதுவதற்கு முன்பே, வெறும் வண்டிக்கும் பாரம் ஏற்றிய வண்டிக்கும் எதிர்பார்க்கும் விடைகளைக் கணக்கிட்டு எழுதி வைத்திருக்கிறேன்.